கத்தியைத் திருப்பிப் புடிச்சவன்

ஐயா, ஐயா, கொஞ்சம் நில்லுங்க. அந்த மணிக்கட்டு மேல கோடு போடாதீங்க. போட்டாச்சா? சரி, சாக்பீசுதானே, தொடைச்சாப் போயிடும். நான் யாரா? நல்லாக் கேட்டீங்க போங்க. மொதல்ல இந்தச் சிலையோட மூஞ்சியப் பாருங்க, அப்பால என் மூஞ்சியப் பாருங்க. மூக்கு ஒண்ணுதானே? காது? வயித்தை வுட்டுடுங்க, வயிறு அப்பால வந்தது.

ஆமா, நான்தான் இவன். வெங்கடசாமி. டெய்லர் வெங்கட்டுன்னு கேட்டா பக்கத்து டவுன் லௌட்டோக்கா வரைக்கும் தெரியும். இப்போ லௌட்டோக்காவுல பாதிப் பேரு சிட்னியில இருக்கறதால அங்கயும் தெரியும்.

வாங்க, வெயில் ஏறுது, இந்த மரத்து நெழல்ல உக்காருங்க. அந்த சுத்தி, உளி எல்லாம் கீழ வைங்க. ரொட்டி பார்சல் கொண்டாந்திருக்கேன். கோவில் வேலையில இருக்கீங்கன்னுதான் பூசணிக்கா கறி மட்டும் வெச்சுக் கட்டச் சொன்னேன், ஆட்டுக்கறி மீனு ஒண்ணும் கெடையாது. போத்தல்ல டீ இருக்குது. பயப்படாம சாப்பிடுங்க, நான் செய்யல. நான் செஞ்சிருந்தா நீங்க இன்னிக்கு வேலையே செய்ய முடியாது.

என் தமிழைக் கேட்டு சிரிப்பு வருதா? சிரிங்க சிரிங்க. இது கப்பல்ல வந்த தமிழு. வீட்டுல எல்லாம் இந்திதான் ஐயா, பொண்ணுகூட, கடையில, எல்லாம் இந்தி. தமிழு கோவிலுக்கும் சண்டைக்கும்தான். என் வீட்டுக்காரி மோகினி இருக்காளே, நல்லா இருக்கறப்ப இந்தி பேசுவா. கோவம் வந்துச்சுன்னா தமிழு. அதனால எனக்கு இந்த அளவுக்குத் தமிழு வருதுன்னா எவ்ளோ திட்டு வாங்கியிருப்பேன்னு நீங்களே பார்த்துக்குங்க.

கோபுர வேலைக்கு ஊர்லேர்ந்து ஸ்தபதி வந்திருக்காரு, அவரே தோட்டத்துச் சிலைங்களையும் சரி பண்ணிக் குடுக்கறாருன்னு நேத்து சாயங்காலம்தான் கேள்விப்பட்டேன். எனக்கு இன்னா சந்தோசம் தெரியுமா. ஆனா ஒண்ணு, நீங்க எதுல ஆரம்பிக்கறதுன்னு ஒரு மொறை இருக்குதில்ல? எடுத்த எடுப்புல இவன் கைய அறுக்கணுமா? அந்தச் சிங்கத்தைப் பாருங்க. வாயில பல்லே இல்ல. பாவமா இல்ல? சிங்கத்துக்குப் பல்லு வைங்க. அந்த மீன் வாலு பொண்ணுக்கு வாலு உடைஞ்சு கம்பி தெரியுது. ஒரு பொம்பளைய அப்படி வுடலாமா? இவனுக்கு இன்னா அவசரம்? இவ்ளோ வருசம் தப்பா நின்னவன் இன்னும் நாலு நாள் தப்பா நிக்கட்டுமே.

சிங்கமான்னு கேக்கறீங்க. எல்லாருக்கும் அந்தச் சந்தேகம் வரும். இந்தத் தோட்டத்தைப் போட்டது சர்க்கரைக் கம்பெனியில இருந்த ஒரு வெள்ளைக்கார துரை, கப்பல் காலத்துல. சிலைன்னா அவனுக்குப் பைத்தியம். செஞ்சுக் குடுத்த கொத்தன் சிங்கத்தையே பார்த்ததில்ல, துரையோட நாயைப் பார்த்து செஞ்சு, பிடரிய மட்டும் சேர்த்துட்டான். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கற பழக்கம் இந்தத் தோட்டத்துல அப்பவே ஆரம்பிச்சாச்சு. நான் ரெண்டாவது ஆளு.

எழுபத்தொம்போதுல கிர்மிட்டு நூறு வருசம் கொண்டாடுனாங்க. கிர்மிட்டுன்னா இன்னான்னு தெரியுமில்ல? நம்ம பாட்டன் பூட்டனுங்க கைநாட்டு வெச்சுட்டு கரும்பு வெட்ட இந்தத் தீவுக்குக் கப்பலேறுனாங்களே, அந்த ஒப்பந்தம். அதுக்காக இந்தத் தோட்டத்துல ஒரு கரும்பு வெட்டுறவன் சிலை வைக்கணும்னு முடிவு பண்ணி, நியூசிலாந்துலேர்ந்து சிலை செய்யற ஒரு வெள்ளைக்காரம்மாவைக் கூட்டியாந்தாங்க. அந்தம்மா சிலைக்கு ஆளு தேடிக்கினு கரும்புத் தோட்டம் தோட்டமா சுத்துச்சு. வெட்டுற ஆளுங்க எல்லாம் எலும்பும் தோலுமா இருந்தாங்க ஐயா, இல்லன்னா முதுகு வளைஞ்சிருந்தாங்க. அந்தம்மாவுக்குப் புடிக்கல.

நான் அப்போ யோகேந்திரா டெய்லர் கடையில காஜா போட்டுக்கினு இருந்தேன். காஜா எடுக்கறதுக்கு ஒரு விரல் போதும். ஆனா சாயங்காலம் ஃபுட்பால் ஆடுவேன், அதனால தொடை இருந்துச்சு, மாரு இருந்துச்சு. சட்டையில்லாம மைதானத்துலேர்ந்து வர்றப்ப அந்தம்மா கார நிறுத்தி, நீ கரும்பு வெட்டுறவனான்னு கேட்டுச்சு. நான் இல்லன்னு சொல்லியிருக்கணும். இருபத்திரெண்டு வயசு ஐயா, ஒரு வெள்ளைக்காரம்மா வந்து என் மாரைப் பார்த்து மரியாதையா ஒரு கேள்வி கேக்குது. ஆமா மேடம்னு சொல்லிட்டேன்.

எங்கப்பா டவுன்ல பார்பர். அவரும் கரும்பு வெட்டுனதில்ல. எங்க வீட்டுல கூருன்னா சவரக் கத்தி, இல்லன்னா என்னோட கத்திரிக்கோல். கரும்புக் கத்தியை நான் கையில எடுத்ததே அன்னிக்குத்தான். அதுக்கு ஒரு பக்கம் கூரு, இன்னொரு பக்கம் ஒரு கொக்கி. கூரால கரும்பை வெட்டணும், கொக்கியால தோகையைக் கழிக்கணும். இதெல்லாம் எனக்கு இன்னாத்துக்குத் தெரியும்? கொக்கி பார்க்க அழகா இருக்குதேன்னு அதை முன்னால காட்டிப் புடிச்சேன். இப்போ பாருங்க. கூரு எங்க இருக்குது? என் காலைப் பார்த்துக்கினு இருக்குது. ஓங்கி ஒரு வீச்சு வீசுனேன்னா கரும்புக்கு ஒண்ணும் ஆகாது, என் முட்டி போயிடும்.

அந்தம்மா ஒரு நரம்பு வுடாம அப்படியே செஞ்சுது. ரொம்ப நேர்மையான பொம்பளை.

தெறப்பு விழாவுக்கு ஜனங்க எல்லாம் வந்திருந்தாங்க. கரும்புக்காரங்க சாப்பாடு கட்டிக்கினு லாரியில வந்தாங்க. பெரிய மனுசன் ஒருத்தர் பேசுனாரு, இந்த நாட்டோட முதுகெலும்புன்னாரு. நான் புது சட்டை போட்டுக்கினு முன் வரிசையில நிக்கறேன், சிலை எப்படி நிக்குதோ அப்படியே நெஞ்சை நிமித்திக்கினு. துணிய இழுத்தாங்க. கை தட்டுனாங்க. அப்பால அந்தக் கை தட்டறது கொஞ்சம் கொஞ்சமா நின்னுச்சு. கரும்புக்காரங்க எல்லாம் தலையைச் சாய்ச்சு சாய்ச்சுப் பார்க்கறாங்க. யாருக்கும் சொல்லத் தைரியம் இல்ல. அப்போ பின்னாலேர்ந்து ஒரு பொண்ணு சிரிச்சா.

எப்படிச் சொல்றது. வாயைப் பொத்திக்கினு சிரிக்கற சிரிப்பு இல்ல ஐயா. வயித்துலேர்ந்து வர்ற சிரிப்பு. நிறுத்த முயற்சி பண்றா, முடியல, மறுபடியும் ஆரம்பிக்கறா. அப்பால லாரி லாரியா வந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. முதுகெலும்புன்னு சொன்னவரும் சிரிச்சாரு, அவருக்கு எதுக்குன்னே தெரியாது.

அவதான் மோகினி. சாபெத்தோ பக்கம் பொன்சாமின்னு ஒரு கரும்புக்காரர், அவர் பொண்ணு. நான் கோவமா நேராப் போய் எதுக்கு சிரிச்சேன்னு கேட்டேன். அவ கண்ணைத் தொடைச்சுக்கினு, உன் கால் மேல உனக்கு இன்னா கோவம்னு கேட்டா. அதுக்கு பதில் யோசிச்சு அடுத்த ஞாயித்துக்கெழமை அவங்க வீட்டுக்கே போனேன். பதில் கெடைக்கல. அதுக்கடுத்த ஞாயித்துக்கெழமையும் போனேன். கடைசியில பொன்சாமி மாமா, இவன் கத்தி புடிக்கவே லாயக்கில்ல, பொண்ணை வெட்ட மாட்டான்னு சொல்லிக் குடுத்துட்டாரு.

இன்னொரு ரொட்டி எடுங்க. கூச்சப்படாதீங்க.

சாதனா பொறந்தா. ஒரே பொண்ணு. கடை என் கடையாச்சு. எண்பத்தேழுல முதல் கூ நடந்துச்சு. கூன்னா தெரியுமில்ல, பட்டாளம் உள்ள பூந்து கவர்மெண்ட்டைத் தூக்கிட்டு, அவங்களே உக்காந்துக்கறது. ரேடியோவுல சேதியே சொல்லாம பாட்டு போட்டுக்கினே இருந்தான், அப்பவே ஜனங்களுக்குப் புரிஞ்சு போச்சு. நம்ம ஆளுங்க இருந்த கவர்மெண்ட்டுதானே போச்சு, அதனால நம்ம ஜனங்க எல்லாம் கெளம்ப ஆரம்பிச்சாங்க. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா. போறவங்க எல்லாருக்கும் குளிருக்கு கோட்டு வேணுமில்ல? எல்லாரும் எங்கிட்டதான் வந்தாங்க. அந்தக் கூவுல முன்னுக்கு வந்தது ரெண்டே பேரு, ஒண்ணு பட்டாளம், இன்னொண்ணு டெய்லர் வெங்கட்டு. கோட்டை வாங்கிக்கினு நேரா இங்க வந்து இவன் முன்னால நின்னு போட்டோ புடிப்பாங்க. உலகத்துல எங்க போனாலும் நம்ம ஜனங்க வீட்டுல அந்தப் போட்டோ இருக்கும் பாருங்க. கோட்டும் என்னுது, பின்னால நிக்கற முட்டாளும் நான்.

ரெண்டாயிரத்துல மறுபடியும் ஒரு கூ வந்துச்சு. இந்தத் தடவை பார்லிமெண்ட்டுக்குள்ளயே ஆளுங்களைப் பூட்டி வெச்சுட்டாங்க. அதே வருசம் பொன்சாமி மாமா நெலத்தோட குத்தகை முடிஞ்சுது. அந்த நெலம் நம்முது இல்ல ஐயா, இந்த நாட்டு ஆளுங்களோடது, முப்பது வருசத்துக்கு வுட்டிருந்தாங்க, முடிஞ்சுதுன்னா குடுத்துடணும். மாமா வீட்டைப் பிரிச்சாரு. ஒவ்வொரு தகரமா எறக்கி லாரியில ஏத்துனோம். மோகினி அந்த வெறும் சிமெண்ட்டுத் தரையைப் பெருக்கினா. வீடே இல்ல, தரையைப் பெருக்கறா. பெருக்கி முடிச்சு, வெங்கட்டு, போயிடலாம்னா. அவ என்னைப் பேர் சொல்லிதான் கூப்பிடுவா.

அவ அண்ணன் சிட்னியில இருந்தான், ஏற்பாடு பண்ணான். நான் மோகினிக்கு ஒரு கோட்டு தைச்சேன், சாதனாவுக்கு ஒண்ணு, எனக்கும் ஒண்ணு. என்னுது இன்னும் தொங்குது. ஒரு நாளும் போடல, போடாமலே சின்னதாப் போச்சு.

நீங்க ரெண்டு பேரும் மொதல்ல போங்க, கையில ஆர்டரு நெறைய இருக்குது, கிறிஸ்மஸ் கழிச்சு வர்றேன்னேன். கிறிஸ்மஸ் வந்துச்சு. ஈஸ்டருக்குன்னேன். ஈஸ்டரும் வந்துச்சு. ஏன் போகலன்னு கேக்கறீங்க. எல்லாரும் கேட்டாங்க, நீங்க கடைசியாத்தான் கேக்கறீங்க. அங்க போனா நான் ஏதோ ஒரு ஃபாக்டரியில பொட்டி தூக்கற ஒரு ஆளு. இங்க இஸ்கூல் பசங்க என்னை ரோட்டுல பார்த்தா, டேய் சிலை போவுதுடான்னு கத்துவாங்க. தப்பான சிலைதான். இருந்தாலும் ஒரு பெருமை. இதைப் போய் ஒரு பெருமைன்னு புடிச்சுக்கினு பொண்டாட்டிய ப்ளேன்ல ஏத்துனவன் ஊர்ல வேற எவனாவது இருக்கானா பாருங்க.

நாடி ஏர்போர்ட்டுல அவ அழவே இல்ல. அந்தச் சிலையாவது நிக்க வெச்சதால நிக்குது, நீ எதுக்கு நிக்கறேன்னு தமிழ்ல கேட்டுட்டு உள்ள போயிட்டா.

அப்பால ஒரு நாள் பசங்க கொஞ்ச பேரு குடிச்சுட்டு சிலைங்களை உடைக்கறதுக்கு இங்க வந்தாங்க. சிங்கத்துப் பல்லு, மீன் வாலு எல்லாம் அன்னிக்குப் போனதுதான். அதோ ஈட்டியோட நிக்கறானே காய்வீத்தி வீரன், இந்த நாட்டு ஆளு, அந்தச் சிலைக்கு மாடலா நின்னது ஜோசெவான்னு என் சிநேகிதன். அவனுக்கும் ஈட்டிக்கும் சம்பந்தமில்ல, சர்ச்சுல பாட்டு பாடறவன். அன்னிக்கு அவன்தான் ஓடியாந்தான். பசங்க என் சிலை முன்னால கடப்பாரையோட நின்னுக்கினு இருந்தாங்களாம். ஜோசெவா கெஞ்சறதுக்கு வாயைத் தெறக்கறான், அதுக்குள்ள அதுல ஒருத்தன் கத்தியப் பார்த்துட்டான். கரும்பு வெட்டுன பையன் போல. டேய் இவனைப் பாருங்கடா, இவன் காலை இவனே வெட்டிக்கப் போறான், நமக்கு எதுக்கு வேலைன்னானாம். எல்லாரும் சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. ஜோசெவா எங்கிட்ட வந்து சொல்லி, அவனும் சிரிச்சான். நானும் சிரிச்சேன். அப்பால வீட்டுக்குப் போய் தனியா உக்காந்து யோசிச்சேன், அந்தப் பையன் சொன்னது சிலையைப் பத்தி இல்லன்னு தோணுச்சு.

அதெல்லாம் வுடுங்க. டீ ஆறிப்போச்சா?

சாதனா கல்யாணத்துக்கு சிட்னி போனேன். ஒரு வாரம் இருந்தேன். மோகினி மூணு வேளையும் சோறு போட்டா. கொழம்பு வேணுமான்னு கூட சாதனாவை வுட்டு கேக்கச் சொன்னா. அவ திட்டுவான்னு தயாரா போனேன் ஐயா, திட்டியிருந்தா அங்கயே இருந்திருப்பேன்னு நெனைக்கறேன். திட்டல. திரும்பி வந்துட்டேன். அதுக்கப்பால சாதனா போன் பண்ணுவா, பின்னால பாத்திரம் கழுவற சத்தம் கேக்கும். அந்தப் பாத்திரச் சத்தத்தைக் கேட்டுக்கினேதான் நான் பொண்ணுகிட்ட பேசுவேன். மோகினி பாத்திரத்தை வெக்கற மாதிரி வேற யாரும் வெக்க மாட்டாங்க, எனக்குத் தெரியும்.

யாரு, அப்பல்சாமியா? தோட்டத்துக் கமிட்டி தலைவரு அப்பல்சாமி அப்படிச் சொன்னாரா? ம். அவரு பொய் சொல்ல மாட்டாரு. ஆமா ஐயா, இந்தக் கத்தியத் திருப்பி வைங்கன்னு கமிட்டியைக் கேட்டதே நான்தான். ஒரு தடவை இல்ல, கமிட்டியில ஆளு மாற மாற, புதுசா வர்ற ஒவ்வொருத்தர் கையையும் புடிச்சு கேட்டிருக்கேன். அவமானமா இருக்குது, செத்தப்பால கூட ஜனங்க சிரிப்பாங்கன்னு சொல்லியிருக்கேன். அப்பல்சாமி என்னைப் பார்த்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுவாரு. பாவம், நல்ல ஸ்தபதி வந்திருக்காரேன்னு எனக்கு நல்லது பண்றதா நெனைச்சு உங்ககிட்ட சொல்லியிருக்காரு. நேத்து சாயங்காலம் வீடு தேடி வந்து, வெங்கட்டு, உன் ஆசை நெறவேறப் போவுதுன்னு தோளைத் தட்டுனாரு. எனக்கு நெஞ்சு நின்னு போச்சு. அவரு அது சந்தோசம்னு நெனைச்சுக்கினு போயிட்டாரு.

இப்போ மட்டும் ஏன் வேணாம்னா... சொல்றேன். சொல்லாம இருக்கலாம்னுதான் பார்த்தேன். சிங்கம், மீன் வாலுன்னு உங்களை இழுத்தடிச்சதெல்லாம் அதுக்குத்தான். ஆனா நீங்க சுத்தியக் கீழ வெச்சுட்டு இவ்ளோ நேரம் கேட்டுட்டீங்க.

போன ஞாயித்துக்கெழமை சாதனா போன் பண்ணா. கோவில் கும்பாபிஷேகத்துக்கு வர்றோம்ப்பா, சனிக்கெழமை காலையில எறங்கறோம், மார்டின்டாருல ஹோட்டல் போட்டாச்சுன்னா. யாரு யாருன்னு கேட்டேன். எல்லாரும்னா. நான் அடுத்தது கேக்கறதுக்குள்ள பாத்திரச் சத்தம் நின்னுச்சு. போன் கை மாறுச்சு. ஹலோ இல்ல, எப்படி இருக்கே இல்ல. இத்தனை வருசத்துக்கு அப்பால மோகினி எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் தமிழ்ல. அந்தக் கத்தி இன்னும் திருப்பித்தான் இருக்குதான்னு கேட்டா.

ஆமான்னேன்.

அப்பால சிரிச்சா ஐயா. அதே சிரிப்பு. நிறுத்தப் பார்க்கறா, முடியல. நான் போனைக் காதுல அழுத்திக்கினு நின்னேன், எனக்கு அழுகை வந்துடுச்சு, அது அவளுக்குக் கேட்டுச்சோ இல்லையோ. வந்து பார்க்கறேன்னு சொல்லிட்டு வெச்சுட்டா.

எதை வந்து பார்க்கறேன்னு சொன்னா? கேக்கல. கேக்க பயமா இருந்துச்சு. என் வீட்டுக்கு வருவாளா, ஹோட்டல்லயே இருந்துட்டுப் போயிடுவாளா, எனக்குத் தெரியாது. ஆனா இங்க வருவா. இவன் முன்னால நிப்பா. அப்போ கத்தி நேரா இருந்துச்சுன்னு வைங்க, எவ்ளோ அழகா செஞ்சிருந்தாலும், அவ பார்த்துட்டு, ம், சரி பண்ணிட்டாங்களான்னு கேட்டுட்டு கார்ல ஏறிடுவா. எங்கிட்ட அவளுக்குப் புடிச்சது ஒண்ணு மிச்சம் இருக்குதுன்னா அது இந்தத் தப்பு ஒண்ணுதான் ஐயா.

சனிக்கெழமை வரைக்கும் வுடுங்க. அவ வந்து ஒரு தடவை நல்லா சிரிச்சுடட்டும். அப்பால நீங்க கத்தியத் திருப்புங்க, கையையே எடுங்க, தலைய மாத்தி வேற எவன் தலையையாவது வைங்க, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.

அந்த டீயில கொஞ்சம் மிச்சம் இருந்தா என் கைக்குட்டையில ஊத்துங்க. மணிக்கட்டுல போட்ட சாக்பீசுக் கோட்டை நானே தொடைச்சுடறேன். இருங்க... ஆ, போயிடுச்சு. பார்த்தா தெரியுதா? தெரியலயே? நல்லது.

எழுந்திருங்க. வாங்க, சிங்கத்துக்கு எத்தனை பல்லு வேணும்னு பார்ப்போம்.